நித்யா என்ற பெயரில் நான் எழுதியவை

என் பிள்ளைக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். போன ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தத்தில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்தாய். உன் வருங்கால மாமனார் எழுந்து நின்று, கூடம் முழுக்கக் கேட்கும்படி, "எங்க மாப்பிள்ளை கம்பெனிகளுக்கு இன்டர்நெட்ல நம்பிக்கைய உண்டாக்கித் தர்றவரு" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நீ கூச்சத்தோடு தலையைக் குனிந்து சிரித்தாய். நான் வெற்றிலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தட்டு கையில் இருந்ததால்தான் அம்மா கைதட்டவில்லை என்று நினைத்திருப்பாய். தட்டைக் கீழே வைக்க என் பக்கத்திலேயே ஒரு மேசை இருந்தது.

வீட்டுக்கு வந்து மூன்று நாளாக உன்னிடம் பேசப் பார்க்கிறேன். போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்கிறாய். செய்தி அனுப்பினால் இரண்டு நொடியில் "சூப்பர்மா" என்று பதில் வருகிறது. போன மாதம் உன் அப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது, கம்பெனி பஸ் ஓட்டுவதை இனி விட வேண்டியிருக்கும் என்று எழுதி அனுப்பினேனே, அதற்கும் "சூப்பர்மா" என்றுதான் பதில் போட்டாய். அதனால் இதை உனக்குத் தனியாக அனுப்பவில்லை. என் வலைப்பதிவில், யார் வேண்டுமானாலும் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்தவர் யாராவது படித்துவிட்டு உன்னிடம் கேட்பார்கள். அப்போதாவது படிப்பாய். உன் பெயரை எழுதவில்லை. உன் இணையதளத்தின் பெயரையும் எழுதவில்லை. என் கையால் உனக்கு இன்னொரு இணைப்பு கிடைக்க வேண்டாம்.

ஒரகடத்தில் உதிரிபாகக் கம்பெனியில் எனக்குக் கான்ட்ராக்ட் முடிந்து நான் வீட்டோடு உட்கார்ந்த வருடம் உனக்கு நினைவிருக்கும். நீ படிப்பை முடித்து, தொழிற்சாலைக்கு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு வாடகை அறை காட்டும் இணையதளம் ஒன்றைத் தொடங்கியிருந்தாய். மதுரைக்குத் தெற்கே இருந்தெல்லாம் பிள்ளைகள் பெட்டியோடு சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் வந்து இறங்கி எங்கே தங்குவது என்று தெரியாமல் நிற்கிறார்கள், அவர்களுக்கு உதவும் என்று நீ சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? ஆனால் தேடினால் உன் தளம் எட்டாவது பக்கத்தில் வந்தது. அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவர மற்ற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு இணைப்பு வேண்டும் என்றாய். எனக்குப் புரியவில்லை. "பொண்ணு வூட்ல விசாரிக்கும்போது ஊர்ல நாலு பேரு நல்ல பையன்னு சொன்னா மதிப்பு வருதில்லமா? தேடுபொறியும் அப்படித்தான். நாலு பேரு நம்மளக் கைகாட்டணும்" என்று விளக்கினாய். "அந்த நாலு பேரு யாருடா?" என்று கேட்டேன். "நாமதான்" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். அன்றைக்கே நான் சிரிக்காமல் இருந்திருக்க வேண்டும்.

எனக்கு டைப்பிங் தெரியும் என்று என் முன்னால் மடிக்கணினியை வைத்தாய். எக்செல்லில் நூற்றுக்கணக்கான வலைப்பதிவுகளின் முகவரிகள். ஒவ்வொன்றாகத் திறந்து கீழே போக வேண்டும். பின்னூட்டப் பெட்டியில் பெயர், மின்னஞ்சல், தள முகவரி, பிறகு இரண்டு வரி. ஆண் பெயர் போட்டால் சந்தேகப்பட்டு அழித்துவிடுகிறார்கள், பெண் பெயர் போடு என்றாய். நித்யா என்ற பெயரை நீதான் வைத்தாய். எழுத வேண்டிய வரிகளையும் நீயே தயார் செய்து கொடுத்தாய். "அருமையான பதிவு. மிகவும் பயனுள்ள தகவல். தொடர்ந்து எழுதுங்கள். ஒரகடத்தில் பாதுகாப்பான அறைகளுக்கு எங்கள் தளத்தைப் பாருங்கள்." அனுப்பும் முன் கோணல் மாணலாக ஐந்தாறு எழுத்துகள் வரும். அதைப் பார்த்துத் தட்டச்சு செய்தால்தான் நான் இயந்திரம் இல்லை என்று அந்தப் பெட்டி ஒத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு அறுபது முறை நான் இயந்திரம் இல்லை என்று நிரூபித்துவிட்டு, இயந்திரம் எழுதுவதை எழுதினேன்.

முதல் வாரம் எனக்கு வேகம் வரவில்லை. பதிவைப் படித்துவிட்டுத்தானே பதில் எழுத முடியும்? ஒருவர் மாடியில் கத்தரிச் செடி வைத்ததை எழுதியிருப்பார். நான் உட்கார்ந்து வேர்ப்புழுவுக்கு என்ன செய்யலாம் என்று எழுதிக்கொண்டிருப்பேன். நீ பின்னால் வந்து நின்று பார்த்தாய். "இன்னாமா பண்ணிக்கினு கீற? இதெல்லாம் படிக்காத. படிச்சா லேட் ஆவும். ஒட்டு, போ, ஒட்டு, போ." அந்த வார்த்தை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. கம்பெனியில் ஆட்களின் வருகையைப் பதியும் டைம் ஆபீஸில் எட்டு வருடம் இருந்தேன் நான். எந்தச் சூப்பர்வைசர் வந்து பல்லைக் காட்டினாலும், வராத ஆளை வந்ததாக ஒரு நாளும் பதிந்ததில்லை. அப்படிப்பட்டவள் வீட்டில் உட்கார்ந்து, பிறக்கவே பிறக்காத நித்யாவை நாள்தோறும் அறுபது வாசலில் வந்து போனதாகப் பதிந்தேன். பிள்ளை முன்னுக்கு வர வேண்டுமே என்று பதிந்தேன்.

உன்னை மட்டும் குற்றம் சொல்லவில்லை. பொய்க்குக் கையெழுத்துப் போட உனக்குப் பழக்கிவிட்டதே நான்தான். நீ எட்டாவது படிக்கும்போது மணிமங்கலத்தில் கிரிக்கெட் போட்டிக்குப் போக, தாத்தா செத்துவிட்டார் என விடுப்புக் கடிதம் எழுதிக்கொண்டு வந்து நின்றாய். என் அப்பா அப்போது உள்ளே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரம் படப்பை பஸ் நிறுத்தத்தில் உன் கிளாஸ் டீச்சர் என்னைப் பார்த்து ஓடி வந்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அப்பா போயிட்டாராமே, நேத்துதான் கேள்விப்பட்டேன், எங்கப்பாவும் போன வருஷம்தான்..." என்று கண் கலங்கினார். பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அந்த ஆறுதலை வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து உன்னை ஒரு அடி அடித்திருக்கலாம். அதை ஒரு வேடிக்கையாக உன் அப்பாவிடம் சொல்லிச் சிரித்தேன். நீ கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். அடுத்தவர் துக்கத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வரலாம், வீட்டில் அதற்குச் சிரிப்பார்கள் என்று அன்றைக்கு நீ கற்றுக்கொண்டாய் போலிருக்கிறது.

இப்போது மாரிச்செல்விக்கு வருகிறேன். இந்தப் பெயரை நீ கேள்விப்பட்டதே இல்லை. உன் பட்டியலில் நாற்பத்து மூன்றாவது வரிசை அவள்.

சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். அப்போது இருபத்தோரு வயது. செல்போன் தயாரிக்கும் கம்பெனியில் உற்பத்தி லைனில் நின்றாள். மாத்தூரில் ஆறு பெண்கள் சேர்ந்து ஒரு அறையில் இருந்தார்கள். லீவு நாளில் பிரவுசிங் சென்டருக்குப் போய்த் தமிழில் வலைப்பதிவு எழுதுவாள். ஓவர்டைம் பார்த்த நாளில் என்ன சாப்பிட்டோம், கேன்டீன் சாம்பாரில் யாருக்கு முழு முருங்கைக்காய் கிடைத்தது, ஆறு பேருக்கு ஒரே வாளி என்று சின்னச் சின்னதாக. நான் அந்தப் பதிவுக்குப் போனபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. திறந்தேன், கீழே போனேன், "அருமையான பதிவு, மிகவும் பயனுள்ள தகவல்" என்று ஒட்டினேன், அடுத்ததற்குப் போனேன்.

இரண்டு நாள் கழித்து நித்யாவின் மின்னஞ்சலுக்கு ஒரு பதில் வந்தது. யாரும் பதில் போட மாட்டார்கள் என்று நீ சொல்லியிருந்ததால் ஆச்சரியமாகத் திறந்தேன். "நித்யா அக்கா, பேச்சியோட அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. யார் யார் என்ன எழுதியிருக்காவன்னு நான்தான் போன்ல வாசிச்சுக் காட்டுதேன். ஒங்களோடத எப்பிடி வாசிக்க?" என்று இருந்தது. வேறு ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்புறம்தான் மேலே போய்ப் பதிவைப் படித்தேன். அவளோடு அறையில் இருந்தவள் பேச்சி. ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம், ஒரே லைன். முதல் ஷிப்ட் முடிந்து ஒரகடம் கூட்டு ரோட்டைத் தாண்டும்போது கன்டெய்னர் லாரி அடித்து அங்கேயே போய்விட்டாள். பேச்சியின் அம்மா அறைக்கு வந்து மகளுடைய சாமான்களை எடுத்துக்கொண்டு போனதைத்தான் மாரிச்செல்வி எழுதியிருந்தாள். பெட்டியும் செருப்பும் துணியும் எடுத்த பிறகு அலமாரியில் பாதி தீர்ந்த பவுடர் டப்பா ஒன்று இருந்ததாம். இது பேச்சியுடையதா, எல்லோருக்கும் பொதுவானதா என்று அந்தத் தாய் கேட்டிருக்கிறாள். பொதுவானதுதான், ஆனால் மீதி ஐந்து பெண்களும் ஒன்றாகப் பேச்சியுடையது என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குக் கீழேதான் நான், பயனுள்ள தகவல் என்று எழுதி, பாதுகாப்பான அறைக்கு உன் தளத்தைக் காட்டியிருந்தேன்.

நீ அன்றைக்குத் தாம்பரத்தில் யாரையோ பார்க்கப் போயிருந்தாய். நீ வந்ததும் சொல்ல வேண்டும் என்று வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். வந்தாய். "இன்னாடா இது, செத்த வூட்ல போயி கடை விரிச்சிட்டு வந்துட்டேன்டா" என்றேன். "அதுக்குத்தான் படிக்காதன்னு சொன்னேன்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாய். படிக்காமல் இருந்தால் நான் செய்தது இல்லை என்று ஆகிவிடுமா? அன்றோடு உன் வேலையை நான் விட்டேன். தலைவலி, கண் வலி என்று ஏதோ காரணம் சொன்னேன். உண்மையைச் சொல்லிச் சண்டை போட்டிருக்க வேண்டும். உன் தொழில் கெட்டுவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

மாரிச்செல்விக்கு என் சொந்தப் பெயரில், எந்த முகவரியும் ஒட்டாமல், ஒரு பின்னூட்டம் எழுதினேன். எழுத எனக்கு ஒரு முழு நாள் ஆனது. பேச்சியின் அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டு என்று எழுதினேன். அவள் பதில் போட்டாள். அப்படியே பழக்கம் வளர்ந்தது. அவள் எழுதும் ஒவ்வொன்றையும் படித்துப் பதில் எழுதினேன். படப்பை அம்மா என்று என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள். ஒரு நாள், "அந்த நித்யா மாதிரி ஆளுகளும் இருக்காவ, ஒங்கள மாதிரி ஆளுகளும் இருக்காவ" என்று எழுதினாள். அப்போதாவது நித்யா நான்தான் என்று சொன்னேனா? இல்லை. பஸ் நிறுத்தத்தில் செய்த அதே காரியத்தைச் செய்தேன். தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டேன்.

ஒரு வருடம் போனது. உன் தளம் முதல் பக்கத்துக்கு வந்தது. நீ ஸ்வீட் வாங்கி வந்தாய். பிறகு ஒரு காலையில் அது எங்குமே இல்லை. தேடுபொறிக்காரர்கள் விதியை மாற்றிவிட்டார்கள், இப்படிப் பின்னூட்டத்தில் ஒட்டி வாங்கிய இணைப்புகளை வைத்திருப்பவர்களை எல்லாம் கீழே தள்ளிவிட்டார்கள் என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஒட்டியதை எல்லாம் பிய்த்து எடுத்தால்தான் மன்னிப்பார்களாம். அதே எக்செல் பட்டியலை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாய். கூடவே ஆங்கிலத்தில் ஒரு கடிதம். உங்கள் தளத்திலிருந்து எங்கள் தளத்துக்கு வரும் இணைப்பு எங்களுக்குக் கேடு விளைவிக்கிறது, ஏழு நாளுக்குள் நீக்காவிட்டால் எங்கள் வழக்கறிஞர் மூலம் நடவடிக்கை எடுப்போம் என்று இருந்தது. படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஊரார் வீட்டுச் சுவரில் கேட்காமல் போய் நோட்டீஸ் ஒட்டியது நாம். இப்போது அந்தச் சுவருக்குச் சொந்தக்காரனைப் பிடித்து, உன் சுவரால் எனக்கு நஷ்டம் என்று மிரட்டச் சொல்கிறாய். நான் அனுப்ப மாட்டேன் என்றேன். நாற்பத்து மூன்றாவது வரிசையை விரலால் தொட்டுக் காட்டி, "இத மட்டுமாவது எடுத்துடுடா. இந்தப் பொண்ணுகிட்ட நானே நல்லபடியா கேட்டுக்கறேன்" என்றேன். "சரிம்மா, எடுத்துடறேன்" என்றாய். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாய்.

நானே கேட்டிருக்க வேண்டும், உடனே. கேட்பதென்றால் நித்யா யார் என்று சொல்ல வேண்டும். நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று நான்கு நாள் தள்ளினேன். ஐந்தாவது நாள் அவள் பக்கத்தைத் திறந்தேன். இந்த வலைப்பதிவு நீக்கப்பட்டது என்று ஒரே ஒரு வரி இருந்தது. பின்னூட்டம் மட்டும் போகவில்லை. பேச்சி, பவுடர் டப்பா, முருங்கைக்காய், ஆறு பேருக்கு ஒரு வாளி, எல்லாமே போய்விட்டது.

அன்று நான் உன்னிடம் கத்தியதை நீ மறந்திருக்க மாட்டாய். நான் எதற்காகக் கத்தினேன் என்பதை மட்டும் நீ கேட்கவில்லை.

"அந்தப் பொண்ண எடுத்துடுன்னு சொன்னேனா இல்லியா?"

"மொத்தமா ஒரே அழுத்துல போச்சும்மா. நூத்துக்கணக்குல கீது, ஒவ்வொண்ணா பாத்துக்கினா இருக்க முடியும்?"

"அவ பயந்து எல்லாத்தையும் அழிச்சிட்டாடா. வக்கீலுன்னு போட்டிருந்தியே, எந்த வக்கீலுடா?"

"ஐயோ, அது சும்மா டெம்ப்ளேட்டும்மா. எல்லாரும் அனுப்பறதுதான். யாரும்மா அது? லிங்க் அனுப்பு, பாக்கறேன்."

லிங்க் அனுப்பு என்றாய். அழிந்து போனதற்கு எந்த லிங்க்கை அனுப்புவது? அதற்குள் உனக்குப் போன் வந்தது, பேசிக்கொண்டே மாடிக்குப் போய்விட்டாய். அடுத்த மாதம் சென்னையில் ஆபீஸ் போட்டுக் கிளம்பிவிட்டாய்.

நான் ஆறு மாதம் அவளைத் தேடிப் போகவில்லை. வெட்கம். அழித்த வலைப்பதிவை ஒரு கெடுவுக்குள் கேட்டிருந்தால் திரும்ப எடுத்திருக்கலாம் என்று பிற்பாடு பிரவுசிங் சென்டர்க்காரர் சொன்னார். எனக்கோ மாரிச்செல்விக்கோ அது தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும். இரண்டு நிமிடம் நின்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய். அந்த இரண்டு நிமிடத்தை நினைக்கும்போதெல்லாம் உன்மேல் எனக்கு வரும் கோபம் இன்றைக்கும் குறையவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷேர் ஆட்டோ பிடித்து ஒரகடம் போய், அங்கிருந்து மாத்தூருக்குப் போனேன். அவள் எழுதியதையெல்லாம் படித்திருந்ததால் வழி கேட்கத் தேவைப்படவில்லை. தண்ணீர் லாரி நிற்கும் இடம், எதிரே சந்து, பச்சை கேட், மாடியில் தகரக் கூரை போட்ட அறை. ஒல்லியாக ஒரு பெண் யூனிபார்ம் சட்டைகளைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். யார் வேண்டும் என்று கேட்டாள். என் பெயரைச் சொன்னேன்.

"படப்பை அம்மாவா?" என்று ஈரக் கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க இவ்வளவு தூரம் வந்தியளா? பிளாக்கக் காணோமேன்னு தேடி வந்தியளா?"

"நித்யான்னு ஒருத்தி எழுதினாளே, ஞாபகம் கீதா?" என்றேன்.

"அவள மறக்க முடியுமா?"

"அது நான்தாம்மா."

கையை விட்டாள். இன்னொரு சட்டையை எடுத்து உதறிப் போட்டு கிளிப்பும் மாட்டினாள். பிறகு திரும்பாமலே கேட்டாள். "நித்யா மாதிரி இல்ல நீங்கன்னு எழுதுனேனே. அதப் படிச்சிட்டும் சும்மாதான் இருந்தியளா?"

"ஆமா."

"அப்ப அந்த வக்கீல் லெட்டரு?"

"என் பிள்ள அனுப்பினது. வக்கீல்லாம் யாரும் இல்ல."

படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். "வக்கீலே இல்லியா? லெட்டர் இங்கிலீஷ்ல இருந்திச்சும்மா. பாதிதான் புரிஞ்சிது. கம்பெனிக்குத் தெரிஞ்சா வேல போயிரும்னு பயம். சூப்பர்வைசர் பேரெல்லாம் எழுதியிருந்தேம்லா. எத அழிக்க, எத விடன்னு தெரியல. மொத்தத்தையும் அழிச்சிட்டேன். ஒரு வக்கீலும் இல்லியா?" என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். நான் அவள் பக்கத்தில், ஒரு படி கீழே, உட்கார்ந்தேன்.

அவள் அடுத்து சொன்னதைத்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். பேச்சியின் அம்மாவுக்கு அழிந்த விஷயம் தெரியாது. அந்தத் தாய் இன்னமும் வாரத்துக்கு ஒரு முறை போன் செய்து, "பேச்சியப் பத்தி புதுசா யாரும் எழுதியிருக்காவளா? வாசிளா" என்று கேட்கிறாள். மாரிச்செல்வி கையில் வெறும் போனை வைத்துக்கொண்டு, வாசிப்பது போல் சொல்கிறாள். பழையவற்றில் நினைவில் இருப்பதைச் சொல்கிறாள். தீர்ந்துபோனால் தானே உண்டாக்குகிறாள். "மதுரையிலேருந்து ஒரு அக்கா எழுதியிருக்காவ, கோயம்புத்தூர்லேருந்து ஒரு அண்ணன் எழுதியிருக்காருன்னு நானாச் சொல்லுதேம்மா. ஒங்க பேர்லயும் சொல்லியிருக்கேன்" என்றாள்.

புரிகிறதா உனக்கு? இல்லாத ஆட்களின் பெயரில் எழுதுவதை நீ ஒரு தொழிலாக எனக்குக் கற்றுக் கொடுத்தாய். ஒரு வருமானத்துக்கும் இல்லாமல், ஒரு தாய் அழாமல் இருப்பதற்காக, அந்தப் பெண்ணையும் அதைச் செய்ய வைத்துவிட்டோம், நீயும் நானும். பொய் சொல்லியே பழக்கமில்லாத பெண் அவள். சொல்லும்போது அவள் முகம் இருந்த இருப்பை நான் பார்த்தேன். நீ பார்க்கவில்லை. நீ இன்றைக்குப் பன்னிரண்டு பேரை உட்கார வைத்து, வேறு வேறு கம்பெனிகளுக்கு இதே வேலையைப் புதுப் பெயரில் செய்கிறாய். அவர்களைப் புகழ்ந்து எழுதும் இல்லாத வாடிக்கையாளர்களைத் தயார் செய்து தருகிறாய். போன மாதம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் போய் நம்பகத்தன்மை பற்றிப் பாடம் எடுத்ததாகப் படம் அனுப்பினாய். மேடையில் மாலையோடு நிற்கிறாய். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் அடுத்த வருடம் இதே சாலையில் பெட்டியோடு வந்து இறங்கி, தேடித் தேடி, நீ எழுதி வைத்த "பாதுகாப்பான" என்ற வார்த்தையை நம்பித்தான் ஏதோ ஒரு அறைக்குப் போவார்கள். அந்த அறைகளில் ஒன்றையாவது நீ போய்ப் பார்த்திருக்கிறாயா?

அதற்குப் பிறகு லீவு கிடைத்த ஞாயிறுகளில் மாரிச்செல்வி நம் வீட்டுக்கு வந்தாள். நீ விட்டுப்போன பழைய மடிக்கணினியில், அவள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். சில இடங்களில் நிறுத்திவிடுவாள். "இங்க வேற என்னமோ எழுதியிருந்தேம்மா, நல்லா இருந்திச்சு, வரமாட்டேங்கு" என்பாள். உன் அப்பா அவளுக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். பதினோரு பக்கம் தேறியது. அச்செடுத்து, ஊரில் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனபோது அவளே எடுத்துப் போனாள். பேச்சியின் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடு, என்னைப் பற்றியும் சொல்லிவிடு என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

திரும்பி வந்து நடந்ததைச் சொன்னாள். பதினோரு பக்கத்தையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அந்தத் தாய், "மத்தவிய எழுதுனதெல்லாம் எங்க?" என்று கேட்டிருக்கிறாள். அழிந்துவிட்டது என்று சொன்னாளாம். யார் அழித்தது என்று கேட்டதற்கு, "ஒரு ஆளு, தெரியாமச் செஞ்சிட்டாரு" என்று சொல்லியிருக்கிறாள். நித்யா நான் என்பதையும் சொல்லவில்லை. "அவிய மனசுல ஒங்க பேரு நல்லா இருக்கும்மா, எதுக்குக் கெடுக்க?" என்றாள். அந்தப் பெண் நமக்குக் கொடுத்த மரியாதைக்கு நம் வீட்டில் யாருக்கும் தகுதி கிடையாது. முக்கியமாக உனக்குக் கிடையாது. தெரியாமல் செய்தாய் என்று அவள் சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன். தெரிந்துகொள்ளாமல் செய்தாய். கண்ணெதிரே விரலால் தொட்டுக் காட்டியும் பார்க்காமல் செய்தாய்.

இன்னும் பன்னிரண்டு நாளில் உனக்குக் கல்யாணம். அம்மா என்ற முறையில் நிறையச் சொல்லலாம். ஒன்றை மட்டும் சொல்கிறேன். நாளைக்கு உன் மனைவி உன் வீட்டுக்கு வந்து, சாயங்காலம் உன் எதிரே உட்கார்ந்து ஏதாவது சொல்வாள். அவளுக்கு நாள் எப்படிப் போயிற்று என்று சொல்லலாம், அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். முழுக்கக் கேட்டுவிட்டு வாயைத் திற. அவளுக்கும் "சூப்பர்" என்று ஒட்டிவிட்டுப் போனாயானால், அவள் என்னைப் போல வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று நானே அவளிடம் சொல்வேன்.

இன்னொன்று. கல்யாணப் பத்திரிகைக் கட்டு வந்ததும் முதல் பத்திரிகையைச் சாமி படத்துக்கு வைத்தேன். இரண்டாவதை எடுத்துக்கொண்டு மாத்தூருக்குப் போனேன். மாரிச்செல்வி பத்திரிகையை வாங்கி, உன் பெயருக்குக் கீழே ஆங்கிலத்தில் போட்டிருக்கும் உன் கம்பெனியின் பெயரை எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தாள். கல்யாண நாளில் அவளுக்கு முதல் ஷிப்ட். முடித்துவிட்டு வரவேற்புக்கு வருவதாகச் சொன்னாள். நான் படியிறங்கும்போது மேலே இருந்து கேட்டாள்.

"யம்மா, ஒங்க மவனுக்கு நான் யாருன்னு தெரியுமா?"

"கல்யாணத்துக்குள்ள தெரிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது உனக்குத் தெரியும்.

அம்மா